கழற்றிப் போட்ட மட்காட்



மாரி தொடங்கிவிட்டது. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் எங்கள் வாவிக்கரை ஒழுங்கைகள் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காங்கேயனோடைப் பக்கமிருந்தும் காத்தான்குடி ஆற்றங்கரைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பலர் சைக்கிளில்தான் ஸ்கூலுக்கு வருகிறார்கள்.

போன மாரியில் ஒரு நாள் காலை, வாசலில் சீருடை பார்க்க நின்றோம். ஆண்டு 7 மகன் ஒருவன் வந்தான். முன்பக்கம் நல்ல வெள்ளை. திரும்பினான். இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே சேற்றுக் கோடு. "இப்படியா ஸ்கூலுக்கு வாற?" என்று ஏசி, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினோம். அன்று அவன் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். "ஒரு சேட்டுத்தான் சேர் இரிக்கி. கழுவினா இந்த மழைக்குக் காயுதில்ல" என்றார் உம்மா. சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. அவனுடைய காக்கா ஓடிய சைக்கிள். ஸ்டைலுக்காக இரண்டு மட்காட்டையும் அவர் எப்போதோ கழற்றிவிட்டாராம்.

வெட்கமாகப் போய்விட்டது. தெருச் சேறு உடுப்பில் பட்டால், தவிர்க்க முடியாத அளவுக்கு மன்னிப்பு உண்டு என்று நமது ஷாபிஈ மத்ஹபில் ஓதியவர்கள்தான் நாங்களும். தொழுகைக்கே மன்னிக்கப்படும் சேற்றை ஸ்கூல் வாசலில் நாங்கள் மன்னிக்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு, எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளின் மட்காட்டைக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தோம். மறுநாள் வந்தான்.

பெற்றோருக்குச் சில விடயங்கள். பின்சில்லு அள்ளும் தண்ணீர் முதுகுக்கு அடிக்கும்; முன்சில்லு அள்ளுவது காலுக்கும் செயினுக்கும் அடிக்கும். அதனால் இரண்டு மட்காட்டும் வேண்டும். முன் மட்காட்டின் கீழ் நுனியில் பழைய டியூபை வெட்டித் தொங்கவிட்டால் சப்பாத்து தப்பும். டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். களி அடைத்தால் சில்லு இறுகும், தடியால் சுரண்டிவிடுங்கள். மட்காட் கம்பியின் நட்டை இறுக்குங்கள். கம்பி கழன்று முன்சில்லுக்குள் போனால் பிள்ளை தலைகுப்புற விழும். ஆற்று உப்புத் தண்ணீர் பட்டால் மட்காட்டின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

வீட்டுக் கோடியில் கழற்றிப் போட்ட மட்காட் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், எங்களிடம் தாருங்கள். பூட்டிக் கொடுக்கிறோம். இப்போது சேற்றோடு ஒரு பிள்ளை வந்தால், நாங்கள் முதலில் அதன் சைக்கிளைத்தான் பார்க்கிறோம்.