ஐந்து தீயும் ஐந்து டிகிரியும்

சென்னையை ஒட்டிய மாங்காட்டின் தலபுராணமே சூட்டைப் பற்றியதுதான். காமாட்சி ஐந்து தீ மூட்டி, நடுவே ஒற்றைக் காலில் தவம் நின்றாள், தீயை அணைக்காமலே காஞ்சிக்குப் போய்விட்டாள், ஊர் வெந்தது, பிறகு ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை நிறுவித் தணித்தார் என்பார்கள். மே மாதத்தில் குன்றத்தூர் சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அந்தத் தணிப்பில் கொஞ்சம் சந்தேகம் வரலாம்.

என் வேலை, வெப்பத்தை மின்சாரமாக்கும் மெல்லிய படலங்களை அளப்பது. இது தெரிந்ததும் அக்கம்பக்கத்தில், "அடிக்கிற வெயிலுக்கு ஊருக்கே கரண்ட் எடுக்கலாமே சார்" என்பார்கள். எடுக்க முடியாது. சூடு மட்டும் இருந்தால் போதாது; ஒரு முனை சூடாகவும் மறுமுனை அதைவிடக் குளிர்ந்தும் இருக்க வேண்டும். 1998இல் சீகோ நிறுவனம் உடல் சூட்டிலேயே ஓடும் தெர்மிக் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. குளிர்காலத்து டோக்கியோவில் சரி. தோலும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் மாங்காட்டு மதியத்தில் அது எதைத் தின்று ஓடும்?

1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்டதும் இந்த வித்தியாசத்தின் வேலையைத்தான். இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே கடைசிவரை சாதித்தார். அம்பத்தூர் பட்டறை உலைகளில் செருகியிருக்கும் கே-டைப் தெர்மோகப்பிளுக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது. டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் அளக்கும் படலங்களின் பொருளான பிஸ்மத் டெல்லுரைடு டிகிரிக்குச் சுமார் 200 மைக்ரோவோல்ட் தரும். ஐந்து டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மில்லிவோல்ட். நல்ல மீட்டருக்கு இது பெரிய காரியமில்லை. வம்பெல்லாம் அந்த ஐந்து டிகிரியில்தான். படலத்தின் தடிமன் 200 நானோமீட்டர். தாங்கும் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர், அதாவது 5,000 மடங்கு. கொடுத்த சூடு அத்தனையும் கண்ணாடி வழியாகத்தான் ஓடுகிறது. தெர்மோகப்பிள் முனையும் தொட்ட இடத்தின் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு குறைத்துச் சொல்கிறது. இரு முனையும் ஒரே சூட்டில் இருக்கும்போதுகூட மீட்டர் சில மைக்ரோவோல்ட் காட்டும். அதனால் ஒற்றை அளவை நம்பக் கூடாது. வித்தியாசத்தைப் படிப்படியாக ஏற்றி, புள்ளிகளைக் கோடாக்கி, அதன் சரிவை எடுக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பதில் சிலிக்கான் என்றால் இன்னும் மோசம். அதற்கே பெரிய சீபெக் மதிப்பு, அதாவது டிகிரிக்கு எழும் மின்னழுத்தம், உண்டு. நடுவில் ஆக்சைடு அடுக்கு சரியாக இல்லையென்றால் படலத்தின் பேரில் அடித்தட்டு பேசிவிடும். அபாரமான எண்ணோடு ஓடிவரும் மாணவர்களிடம், வெறும் தட்டை அளந்தாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

வெப்பக் கடத்தல் தனிப் பாடு. படலத்தின் மேல் மெல்லிய உலோகக் கோடு இழுத்து மாறுமின்னோட்டம் விடுவார்கள். கோடு சூடாகி ஆறும்போது மும்மடங்கு அதிர்வெண்ணில் ஒரு சின்ன மின்னழுத்தம் எழும். 1990இல் டேவிட் கேஹில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவிய மூன்று-ஒமேகா முறை இது. பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும் வெப்பத்தைத்தான் அது அளக்கிறது. சீபெக்கையும் மின்கடத்தலையும் நாம் அளப்பதோ படலத்தின் நீளவாக்கில். பிஸ்மத் டெல்லுரைடு அடுக்கடுக்கான பொருள், திசைக்குத் திசை குணம் மாறும். இரண்டு திசை எண்களையும் ஒரே வாய்பாட்டில் போட்டு, வெப்பத்தை மின்சாரமாக்கும் திறனைச் சொல்லும் இசட்-டி எண் இவ்வளவு என்று அறிவிக்கும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையம் பங்கேற்ற 2021 ஆய்வில் சில்வர் ஆன்டிமனி டெல்லுரைடு 2.6ஐத் தொட்டது, ஆனால் அது கட்டிப்பொருள். படலத்தில் அப்படியொரு எண்ணைப் பார்த்தால் நான் முதலில் புரட்டுவது வெப்பம் எந்தத் திசையில் அளக்கப்பட்டது என்ற பத்தியை. அந்தப் பத்தியே இல்லாவிட்டால், மேற்கொண்டு படிப்பதில்லை.