அட்டையை வைத்துக்கொள்வதா, விடுவதா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் நம் முன்னோர். கையில் பணம் இருந்தால் அளப்பது எளிது. பணத்திற்குப் பதிலாக அட்டையும், அட்டையோடு புள்ளிகளும் வந்துவிட்ட இக்காலத்தில் அளவுகோலே சற்று மங்கிவிடுகிறது.

எங்கள் இல்லத்தில் பயணச் சலுகைகள் தரும் கடன் அட்டை ஒன்று இருந்தது. மகள் டெல்லியில் பணியாற்றிய நான்கு ஆண்டுகளும் அது நன்றாகவே உழைத்தது. சென்னையிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறையேனும் விமானத்தில் சென்று வந்தோம். செலவிடும் தொகைக்கேற்பப் புள்ளிகள் சேர்ந்தன. அவற்றால் பயணச்சீட்டின் விலை குறைந்தது. விமான நிலையத்தில் ‘லவுஞ்ச்’ எனப்படும் ஓய்வுக்கூடத்தில் தனிக் கட்டணமின்றிச் சிற்றுண்டியும் கிடைத்தது. பின்னர் மகள் கோவைக்கு மாற்றலாகி வந்துவிட்டாள். வந்தே பாரத் இரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அவள் ஊர். இந்நிலையில் அட்டையின் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் காலம் நெருங்கியது.

கணக்கு நோட்டை எடுத்தேன். கட்டணம் 5,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி 900 ரூபாய், ஆக 5,900. ஆண்டில் 4 இலட்சம் ரூபாய்க்கு அட்டையைப் பயன்படுத்தினால் கட்டணம் தள்ளுபடியாகும். எங்கள் குடும்பச் செலவில் அட்டை வழியாகச் செல்வதோ 2 இலட்சத்து 40 ஆயிரம். 5,900 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக இன்னும் 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்குவது எவ்வகைச் சிக்கனம்? சிற்றுண்டிக்காக விமானம் ஏறுவாரும் உண்டோ? வரும் ஆண்டை எண்ணிப் பார்த்தேன்; விமானப் பயணம் ஒன்றும் தென்படவில்லை.

“விட்டுவிடலாம்” என்றேன். என் துணைவியார் உடனே இசையவில்லை. “கொல்கத்தாவில் அக்காள் இருக்கிறார்களே! எழுபத்தெட்டு வயது ஆகிறது. இந்த அட்டை இருக்கிறவரை, என்றாவது ஒருநாள் போவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

என் நோட்டில் இல்லாத வரி அது. பயணம் உண்டு என்னும் உறுதியே அவருக்கு வேண்டியிருந்தது. அதை வங்கி தர இயலாது. நாங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கணக்கில் 16,000 புள்ளிகள் எஞ்சியிருந்தன. ஒரு புள்ளிக்கு 25 காசு வீதம் 4,000 ரூபாய். செலுத்தாமல் விடும் கட்டணத்தையும் சேர்த்தால் 9,900. இருவர் போய்வர அது முழுவதும் போதாது. ஆயினும் தொடங்கிவைக்கப் போதும். தை மாதத்தில் ஒரு நாளைக் குறித்துச் சீட்டும் எடுத்தோம். அதன் பின்னரே அட்டையை முடித்துத் தருமாறு விண்ணப்பித்தோம்.

இவ்வாறு முடிவு செய்வோர் சிலவற்றை நினைவிற்கொள்வது நன்று. கணக்கை மூடினால் எஞ்சிய புள்ளிகள் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். ஆகவே அவற்றை முதலில் பயன்படுத்துக. நிலுவை முழுவதையும் செலுத்துக. மின்கட்டணம் போன்றவை அட்டையிலிருந்து தானாகச் செல்லும்படி செய்திருந்தால் அந்த ஏற்பாட்டை மாற்றுக. நிலுவை இல்லையெனில், விண்ணப்பித்த 7 வேலை நாள்களுக்குள் வங்கி அட்டையை முடித்துத் தர வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்பது 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கட்டணமில்லாத வேறு அட்டைக்கு மாற்றித் தருமாறும் கேட்டுப் பார்க்கலாம்.

அடிக்கடி விமானத்தில் செல்லும் குடும்பத்திற்கு இத்தகைய அட்டை நல்ல துணையே. ஆனால் மாதந்தோறும் நிலுவையை முழுமையாக அடைத்துவிட வேண்டும். இல்லையேல் புள்ளிகளின் பயனை வட்டி விழுங்கிவிடும். மற்றவர்கள், காண வேண்டிய உறவையும் போக வேண்டிய நாளையும் முதலில் குறித்துக்கொண்டு, அதன்பின் அட்டையைப் பற்றி முடிவு செய்வதே முறை.