எண்ணும் உடலும்

மருத்துவ அறிக்கைகளில் ஒரு சொல் உண்டு. அதனைக் கண்ட மாத்திரத்தே நோயாளர் பலர் ஆறுதற் பெருமூச்சு விடுவர். 'இயல்பு' என்பதே அச்சொல். ஆயினும் அச்சொல்லைக் கண்டு மனஞ்சோர்வோரும் உளர். நோய் உண்டென உடல் ஓயாது உரைக்க, நோய் நீங்கிற்றெனத் தாள் உரைக்கும்போது, இரண்டினுள் எதனை நம்புவதென்று அறியாது நிற்போர் அவர்கள். தைரொயிட்டுச் சுரப்பியின் தொழில் குன்றி, அதற்குரிய குளிசையை நாள்தோறும் உட்கொண்டு, குருதிப் பரிசோதனையில் 'இயல்பு' நிலையை எய்திய பின்னரும் குணங்குறிகள் நீங்கப்பெறாதோரின் நிலை இதுவே. சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை இத்தகையோர் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். அவருடைய 44ஆம் வயதில் உடல் மெல்ல மெல்லத் தளரலாயிற்று. சித்திரை வெயிலில் ஏனையோர் விசிறியைத் தேட, அவர் சேலைத் தலைப்பால் தோள்களைப் போர்த்திக்கொள்வார். முகம் ஊதிற்று, குரல் தடித்தது, சீப்பில் கற்றை கற்றையாய் மயிர் தங்கிற்று. எட்டு மணிநேரம் உறங்கி எழுந்தும் உறங்காதவர் போலவே எழுந்தார். கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான ஆண்டு 1815 என்பது இருபது ஆண்டுகளாக அவர் நாவில் நின்றது. ஒரு நாள் கரும்பலகையின் முன் நின்று அவ்வாண்டை அவர் தேடினார். மாணவர்கள் தம்முள் பார்த்துக்கொண்டனர்.

குருதியைச் சோதித்தபோது ரி.எஸ்.எச். எனப்படும் ஓமோனின் அளவு 38 எனக் காணப்பட்டது. அது ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரை இருத்தல் வேண்டும். யப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த, உடலின் காப்புப்படையே தன் சுரப்பியைத் தாக்கும் நோய் அது. தைரொட்சின் குளிசை கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் எண் 2.4 ஆயிற்று. முகத்தின் ஊதலும் குரலின் தடிப்பும் மறைந்தன. களைப்பும் குளிரும் மறதியும் மட்டும் போகவில்லை. வைத்தியரோ அறிக்கையில் கோடிட்டு, "எல்லாம் நோர்மல், ரீச்சர்" என்றார்.

எண்ணுக்கு இத்துணை அதிகாரம் வந்தது அண்மைக் காலத்திலேயே. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இச்சுரப்பிக்குக் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயரிட்டவர் தோமஸ் வாட்டன்; ஆண்டு 1656. அது குன்றியோரின் நிலையை வில்லியம் கல் 1873இல் இலண்டனில் விவரித்தார். 1891இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜோர்ஜ் மறே என்பார், செம்மறியாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசிமூலம் ஏற்றினார். மரணத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அப்பெண்மணி பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் கெண்டல் தைரொட்சினைப் பிரித்தெடுத்தார். 1927 அளவில் ஹறிங்ரன் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். அக்காலத்து மருத்துவருக்கு நோயாளியின் முகமும் நாடியும் நடையும் சொல்லுமே முதன்மையான அளவுகோல்கள். 1960களில் தோன்றி 1980களில் நுண்மையுற்ற ரி.எஸ்.எச். பரிசோதனை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. அளவுக்கு மிஞ்சிய மருந்தால் முன்னர் துன்புற்றோர் பலர். ஆயினும் எண் நுழைந்த வாயிலால் நோயாளியின் சொல் வெளியேறிவிட்டதோ என்னும் ஐயம் எழாமலில்லை.

அவ்வெண் உண்மையில் எதனைச் சொல்கிறது? ரி.எஸ்.எச். தைரொயிட்டுச் சுரப்பியில் ஊறுவதன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விடுக்கும் ஏவல் அது. குருதியில் தைரொட்சின் குறைந்தால் ஏவல் மிகும். நிறைந்தால் ஏவல் தணியும். எனவே, கபச்சுரப்பி நிறைவடைந்தது என்பதே அவ்வெண்ணின் பொருள். தசையும் தோலும் நெஞ்சும் அதே அளவு நிறைவடைந்தன என்பதற்கு அது நேர்ச்சான்றாகாது. தைரொட்சின் கலங்களில் பெரும்பாலும் ரி-3 என்னும் வீரியமிக்க வடிவமாக மாறியே தொழிற்படுகின்றது. அம்மாற்றம் எல்லா உறுப்புகளிலும் எல்லா மனிதரிலும் ஒரே சீராக நிகழ்வதில்லை. 1952இல் கண்டறியப்பட்ட அந்த ரி-3ஐயும் சேர்த்துக் கொடுத்தால் நலமுண்டு என 1999இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை அதனை உறுதிசெய்யவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

மேலும், 'இயல்பு' என்னும் வரம்பு பலரை அளந்து பெற்றது. நலமுள்ள பெருந்தொகையினரின் அளவுகளை வரிசைப்படுத்தி, இரு ஓரங்களையும் நீக்கி, நடுவிலுள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையே வரம்பென வகுத்தனர். தனியொருவரின் இயல்போ அவ்வகன்ற வரம்பினுள் ஒரு சிறு பகுதி. 2002இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்று, நலமுள்ள 16 ஆடவரை ஓராண்டுக் காலம் மாதந்தோறும் சோதித்து, ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஒடுங்கிய எல்லைக்குள்ளேயே நிற்பதைக் காட்டிற்று. ஊராரின் சராசரிக் காலுக்குத் தைத்த செருப்பு எல்லோர் காலுக்கும் பொருந்துவதில்லை.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் நீதியாகும். களைப்பு என்பது ஒரு நோயின் தனிச்சொத்தன்று. இரும்புச்சத்துக் குறைவு, உயிர்ச்சத்து பி-12 குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், மனச்சோர்வு, மாதவிடாய் நிற்குங்காலத்து மாற்றம் என அதற்கு வாயில்கள் பல. ஒரு நோயின் பெயர் வந்தமைந்துவிட்டால், பின்வரும் துன்பம் அனைத்தையும் அதன் தலையிலேயே சுமத்தும் இயல்பு நோயாளிக்கும் உண்டு. எண் இயல்பாயிருக்கையில் மருந்தைக் கூட்டினால் இதயத்துடிப்புச் சீர்கெடலாம், எலும்பு நலியலாம். ஆதலின், கூட்ட மறுக்கும் வைத்தியரைக் கல்நெஞ்சர் என்பது பொருந்தாது. மறுத்தபின் அவர் கேட்பதை நிறுத்திவிடுகிறாரா, தொடர்கிறாரா என்பதே வினா.

ஆசிரியையின் வாழ்வில் அவ்வினா கூர்மையுற்றது. எண் 38 ஆக இருந்தபோது அவருக்கு எல்லோரும் இரங்கினர். மாமி பத்தியச் சோறு சமைத்தார். அதிபர் பாடவேளைகளைக் குறைத்தார். எண் 2.4 ஆனதும் இரக்கம் முடிவுற்றது. "சோதினை நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன?" என்றார் கணவர். அவர் கொடுமையாகச் சொல்லவில்லை; ஆறுதலாகவே சொன்னார். ஓய்வறையில் 'சோம்பல்' என்னும் சொல் மெல்லிதாய் உலாவிற்று. மனத்தின் வேலையே இது என்றனர் சிலர். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது என்பதையும், பெண்ணின் முறைப்பாட்டை மனத்தின்மேல் ஏற்றிவிடுதல் நெடுங்காலப் பழக்கம் என்பதையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் தகும். எல்லாவற்றினும் கொடியது, நாளடைவில் அவரே தம்மை ஐயுறத் தொடங்கியமை. தம் களைப்பு மெய்யா என்று தம்மையே குறுக்குவிசாரணை செய்யலானார்.

அவர் கற்பித்த பாடமே அவருக்கு ஊன்றுகோலாயிற்று. ஆவணத்தில் இல்லாத காரணத்தால் ஒரு நிகழ்ச்சி நிகழவில்லையென முடிவுகட்டலாகாது என்றும், ஆவணத்தையும் வாய்மொழியையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறவேண்டும் என்றும் ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லிவந்தவர் அவர். பரிசோதனைத் தாளும் ஓர் ஆவணமே. அன்றிலிருந்து ஒரு கொப்பியில் தம் உடலின் வாய்மொழியைப் பதியலானார்: எழுந்த நேரம், குளிசை எடுத்த நேரம், எப்பாடவேளையில் சோர்வு வந்தது, எத்தனை விடைத்தாள் திருத்த முடிந்தது.

அக்கொப்பியை வாசித்துப் பார்த்த வைத்தியர் வேறொருவர். அவர் பழைய அறிக்கைகளையும் வரிசையாக வைத்தார். 2.4, 3.9, 1.6 என அவை நின்றன; ஒவ்வொன்றின் அருகிலும் 'இயல்பு'. ஆனால் எண் ஏன் இவ்வாறு ஊசலாடுகிறது என அவர் வினவினார். விடை கொப்பியிலேயே இருந்தது. அதிகாலையில் வெறுவயிற்றில் எடுக்கவேண்டிய குளிசை, சில நாட்களில் பாற்றேநீரோடும், சில நாட்களில் கல்சியக் குளிசையோடும் சென்றிருந்தது. கல்சியமும் இரும்பும் தைரொட்சின் குருதியிற் சேர்வதைத் தடுப்பன. நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். மேலும் சோதித்தபோது உடலின் இரும்புச் சேமிப்புக் குன்றியிருப்பதும் தெரியவந்தது. இரண்டும் சீர்செய்யப்பட்டன. சில மாதங்களில் மயிர் உதிர்வது குறைந்தது. மாடிப்படியை இடைநில்லாது ஏற முடிந்தது.

எனினும் எல்லாம் தீர்ந்ததெனக் கூறல் பொய்யாகும். பிற்பகற் களைப்பு இன்றும் உண்டு. "உங்கட களைப்பு மெய்தான், ரீச்சர். மிச்சத்துக்குக் காரணம் எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்று அவ்வைத்தியர் சொன்னார். மூன்றாண்டுகளில் அவர் கேட்ட சொற்களுள் பெரும் பயன் தந்தது அதுவே. மெய்யென ஒருவர் ஏற்றுக்கொண்டபின், அதனை நிறுவும் சுமை இறங்கிற்று. அதனோடு வாழும் வழியைத் தேடுதல் எளிதாயிற்று. இப்பொழுது கடினமான பாடங்களைக் காலையிலேயே நடத்துகிறார். ஆண்டுகளைச் சிறு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்கிறார்; ஒளிப்பதில்லை. நண்பகலின்பின் அரைமணிநேரம் கண்ணயர்கிறார். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் நிருவாகியாகவும் அமரவிருக்கும் இளைஞர் கைகளிலே, மனிதர் எண்களாகவே வந்து சேர்வர்: குருதியின் அளவு, பரீட்சைப் புள்ளி, வரவுப் பதிவேட்டின் வீதம். எண்ணை இகழ்தல் அறியாமை. மறே காலத்து ஆட்டுச்சாற்றுக்கு மீள்வதால் யாருக்கும் நன்மையில்லை. எண்ணோடு விசாரணை முடிந்ததெனக் கொள்ளுதலும் அறியாமையே. தாளைப் படித்து முடித்தபின், எதிரே இருப்பவரை நிமிர்ந்து நோக்கி, "இன்னும் என்ன செய்கிறது?" என ஒருமுறை கேட்பதற்கு அரை நிமிடமே செல்லும். அவ்வாசிரியை அதற்காக மூன்றாண்டுகள் காத்திருந்தார்.