எண்ணூர்: ஆற்றுக்கு வராத பணம்

சென்னையின் வட எல்லையில், கிழக்கே கடலும் மேற்கே கொசஸ்தலை ஆறுமாகக் கிடக்கிறது எண்ணூர். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டணத்துத் துரைமார்கள் ஓய்வெடுக்க வந்த இடம். கத்திவாக்கம் நகராட்சியில் இருந்து, 2011-இல் மாநகராட்சிக்குள் வந்தது. நிர்வாகக் கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆற்றின் கதை.

பூண்டிப் பக்கமிருந்து வரும் கொசஸ்தலையும், வடக்கே பழவேற்காட்டோடு தொடர்புள்ள உப்பங்கழியும், மணலி வழியே வரும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே கலந்து முகத்துவாரத்தில் கடல் சேர்கின்றன. உப்பும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில், அலையாத்தி வேர்களின் இடுக்கில், இறால் குஞ்சு வளரும். மடவை, கிழங்கான், கொடுவா, பச்சை நண்டு என்று மீனுக்குக் குறைவில்லாத ஆறு. கடல் சீறும் மாதங்களிலும் வீட்டில் உலை கொதித்தது இந்த ஆற்றால்தான்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு ஆற்றில் ‘பாடு’ உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. பாடு இல்லாத நாளில் அந்த இடத்தில் கை வைப்பதில்லை. அரசாணை எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்ற நியாயம் அது.

வலையும் படகும் இல்லாதவர்களுக்கும் ஆறு சோறு போட்டது. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். விரல் நுனியில் இறாலின் அசைவை உணரும் அந்தக் கைத்திறன் எந்தப் பள்ளியிலும் கற்றதல்ல. அதற்கு வேண்டியதெல்லாம் கால் வைக்கக்கூடிய சேறு.

அந்தச் சேறுதான் கெட்டது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் ஆற்றை மேடாக்கியது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே ஆற்றுக்குள் வந்தது. படகும் வலையும் அலையாத்தியும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகிலும் எண்ணெய் அப்பியது. 2017-இல் மனிதர்கள் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு கழித்து, மீனவர்கள் மறுபடியும் அதே வாளியைத்தான் தூக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் இந்தக் கரையைக் காக்க என்ன செலவானது என்பதற்கு அந்த வாளியே பதில்.

புயலுக்குப் பின், எண்ணெய்ப் பாதிப்புக்கு அரசு அறிவித்த நிவாரணம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500. வாங்கியவர்களுக்கு அது தேவைப்பட்ட பணம். ஆனால் அந்தக் கணக்கில் ஆற்றுக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. அழித்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த ஈடு நிர்ணயமாகி, ஆட்சேபம் வந்து, விசாரணை நடந்து, தொகை வசூலாகி, அதன்பின் திட்ட அறிக்கையும் ஒப்பந்தப்புள்ளியும் முடிந்தால்தான் ஆற்றில் ஒரு வேலை தொடங்கும். அதுவரை எண்ணெய் காத்திருப்பதில்லை, சேற்றுக்குள் இறங்கிவிடுகிறது. இறாலுக்கும் நண்டுக்கும் அடுத்த பருவம் வந்துவிடுகிறது.

இந்த விசாரணையெல்லாம் முடியட்டும் என்று கைகட்டி நிற்க அரசுக்கு அவசியமில்லை. முதலில் அரசு செலவழிக்கட்டும், பிறகு குற்றவாளியிடம் வசூலிக்கட்டும். சேற்றைச் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்லட்டும். முகத்துவாரத்தைத் தூர்வாரி, அலையாத்தியை மீண்டும் நடட்டும். செலவுக் கணக்கை ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்திலும் ஒட்டட்டும். பணத்தைப் பார்க்கும் குழுவில் பாடு உள்ள ஊர்களுக்கும் இருளர்களுக்கும் இடம் கொடுக்கட்டும். சென்னைக்கு மின்சாரமும் எரிபொருளும் கொடுத்து நொந்த ஊர் இது. அதன் ஆற்றைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது அரசு காட்டும் சலுகை அல்ல, தீர்க்க வேண்டிய கடன்.