இரவுச் செபமும் கழுவாத பாத்திரங்களும்

ஜேர்மனியில் சமயத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைப் பார்த்தால், இங்கே பிறக்கும் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்வது மிகச் சுலபம் என்றே தோன்றும். கத்தோலிக்கராகவோ சீர்திருத்தச் சபையினராகவோ பதிந்தவர்களிடம், வருமான வரித் தொகையில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கிலும் 8 வீதமும் மற்ற மாநிலங்களில் 9 வீதமும் கோயில் வரியாக அரசே அறவிட்டுச் சபைகளிடம் கொடுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் சமயபாடம் கணிதம், வரலாறு போல அரச பாடசாலையின் முறையான பாடம், புள்ளியும் உண்டு. ஞாயிறு ஓய்வு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பேர்லின் மாநிலம் இடம்கொடுத்தபோது இரண்டு சபைகளும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போயின; அந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரண் என்று 2009 டிசம்பர் 1 அன்று தீர்ப்பு வந்தது. இவ்வளவு காவல் இருந்தும், 2022இல் மட்டும் 5,20,000க்கு மேற்பட்ட கத்தோலிக்கர் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டில் 4,00,000க்கு மேல். வரி ஒரு காரணம். குருமாரின் பாலியல் குற்றங்களும் அவற்றை மூடிமறைத்த ஆயர்களும் அதைவிடப் பெரிய காரணம். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போக முடிந்ததற்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பலருடைய வீட்டில் செபம் நின்று ஒரு தலைமுறை கடந்திருந்தது. கோயிலில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

ஈழத்திலிருந்து 1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை நேர் எதிரானது. கோயில் தூரம், மொழி அந்நியம். தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு தடவை கிடைத்தாலே பெரிய காரியம். வதிவிட அனுமதி இழுபட்ட காலத்தில், பக்கத்து நகரத்துப் பூசைக்குப் போவதற்கே அதிகாரியின் கடிதம் வேண்டியிருந்தவர்கள் இருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை, ஆகஸ்ட் மாதத்தில், நெதர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள கேவலார் மாதா கோயிலுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் திரள்கிறார்கள். சைவர்களும் அதில் நிறையப் பேர். ஊரில் மடுமாதாவைத் தேடிப்போன கால்கள், 1642இல் ஒரு வணிகர் எழுப்பிய சிறு மாடத்திலிருந்து வளர்ந்த இந்தத் திருத்தலத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில் விசுவாசம் எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: வீட்டில். படுக்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் இடும் சிலுவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு செபம், ஒக்டோபரில் செபமாலை, தவக்கால வெள்ளிகளில் மச்சம் இல்லாத சமையல், பெரிய வெள்ளிக்குப் பசாம், நத்தாருக்குப் பாலன்குடில். நான் கத்தோலிக்க வழக்கங்களை வைத்துப் பேசுகிறேன். வேதாகமம் வாசித்துக் குடும்ப செபம் செய்யும் மற்றச் சபையினர் வீட்டிலும் நிலைமை இதுதான். இவற்றை நடத்தியது, அநேகமாக எல்லா வீட்டிலும், தாய். பிள்ளைக்கு விசுவாசத்தைக் கையளிப்பது இந்தச் சின்ன வீட்டுக் காரியங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனாலேயே, அதைத் தாயிடம் மட்டும் விட்டுவைப்பது தவறு என்கிறேன். இதோடு பிரிக்க முடியாமல் சேர்ந்திருக்கும் ஒன்றையும் சொல்கிறேன்: அடுப்படி வேலையைப் பங்கிடாத வீட்டில் செபமும் பங்கிடப்படுவதில்லை.

சின்னக் காரியங்களுக்கு இத்தனை கனம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இந்த நாடு முழுக்க டிசம்பரில் மேசைகளில் இருக்கும் திருவருகை வளையமே பதில். அதை உண்டாக்கியது ஆயர் பேரவை அல்ல. ஹம்பூர்க் நகரில் கைவிடப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹேர்ன் என்ற சீர்திருத்தச் சபைப் போதகர் 1839இல் செய்த வேலை அது. நத்தார் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாளும் நச்சரித்தார்களாம். அவர் ஒரு மரச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நாலு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் வைத்தார்; நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் எண்ணவும் காத்திருக்கவும் படித்தார்கள். கத்தோலிக்கக் கோயில்களுக்கு அந்த வளையம் வந்து சேர இருபதாம் நூற்றாண்டு ஆனது. பிள்ளைகளின் பொறுமையின்மையைச் சமாளிக்க ஒரு வீட்டுக்குள் பிறந்த பழக்கம், சபைப் பிளவையும் தாண்டிப் பீடத்தருகே போய் நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததும், பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோர் என்று சொன்னதும் வெறும் மரியாதை வார்த்தைகள் அல்ல. அங்கே சொல்லப்பட்டது பெற்றோர். தாய் மட்டும் என்று சொல்லப்படவில்லை. இஸ்ராயேலருக்கு மோசே சொன்னதும் அப்படித்தான்: வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழும்பும்போதும் பிள்ளைகளோடு இதைப் பேசு என்ற இணைச்சட்ட நூலின் கட்டளை, சமையல் செய்பவருக்கு மட்டும் இடப்பட்டதாக ஒருவரும் வாசிக்க முடியாது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் வேர்ண் பெங்ஸ்டன் 1970இல் தென் கலிபோர்னியாவில் தொடங்கி, முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பல தலைமுறைகளாகப் பின்தொடர்ந்தார். அதன் முடிவுகளை 2013இல் நூலாக வெளியிட்டார். பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தாலும், பிள்ளைக்கு அவர்களோடு அன்பான நெருக்கம் இல்லையென்றால் சமயம் கைமாறுவது குறைவு என்று அவர் கண்டார். கண்டிப்பும் விலகலுமாக இருந்த பக்தி பிள்ளைகளைத் தள்ளிவிட்டது. எங்களவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அடுத்த முடிவு: தாயோடு உள்ள நெருக்கத்தைவிடத் தகப்பனோடு உள்ள நெருக்கம் இதில் கூடுதலாகக் கணக்கில் வந்தது. அது அமெரிக்கா, எங்கள் குடும்பங்கள் வேறு என்று சொல்லலாம், வேறுதான். ஆனாலும் எங்கள் வீடுகளில் இந்த முடிவு பொருந்தாமல் போவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தாய் முழங்காலில் இருக்கும்போது தகப்பன் தொலைபேசியோடு அடுத்த அறையில் இருந்தால், மகன் படிக்கும் பாடம் செபத்தின் வார்த்தைகள் அல்ல. செபம் பெண்களின் அலுவல், வளர்ந்த ஆணுக்கு அது வேண்டியதில்லை என்பதைத்தான் அவன் படிக்கிறான். மகளும் ஒன்று படிக்கிறாள்: விசுவாசம் என்பது பெண்ணின் தோளில் ஏறும் இன்னொரு வேலை. பதினாறு வயதில் அவள் அதை இறக்கிவைத்தால் அவளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

அந்தத் தோளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை ஜேர்மன் புள்ளிவிபரத் திணைக்களம் அளந்திருக்கிறது. 2022இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, சம்பளமில்லாத வேலைக்குப் பெண்கள் வாரத்தில் ஏறத்தாழ 30 மணித்தியாலமும் ஆண்கள் ஏறத்தாழ 21 மணித்தியாலமும் செலவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரமாகவே வேலை செய்கிறார்கள். மிச்ச நேரம் வீட்டுக்குத்தான் போகிறது. இது முழு நாட்டின் கணக்கு. எங்கள் பெண்கள் பலர் வேலை செய்யும் துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லங்களிலும் நாள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஞாயிறு ஓய்வைக் காக்கும் அதே அரசியலமைப்பு அவர்களைத் தொடுவதில்லை, ஏனென்றால் முதியோர் இல்லமும் வைத்தியசாலையும் ஞாயிறும் இயங்கியாக வேண்டும். சமையல், பாத்திரம், உடுப்பு, அடுத்த நாள் பாடசாலைப் பை எல்லாம் முடிய இரவு ஒன்பது மணி ஆகிறது. இரவுச் செபத்துக்கான நேரமும் அதுதான். களைத்துப்போனவர் செபத்தைச் சுருக்குவார், அல்லது கோபத்தோடு நடத்துவார், அல்லது விட்டுவிடுவார். மூன்றும் மனித இயல்பு. ஆக, பாத்திரத்தை யார் கழுவுகிறார் என்பது குடும்பத் தகராறு மட்டும் அல்ல, ஒரு வீட்டின் செபத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. மார்த்தா, மரியா கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், மரியாவைப் போல இருங்கள் என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். மார்த்தாவின் முறைப்பாடு தன்னைத் தனியே வேலை செய்ய விட்டார்கள் என்பதுதான். அவளுடைய கவலையை ஆண்டவர் கடிந்துகொண்டார், உண்மை. ஆனால் அவளைத் தனியே விடுவது சரியென்று அவர் சொல்லவில்லை.

வீட்டையும் விசுவாசத்தையும் இப்படிச் சேர்த்துப் பேசினால் இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும். பிள்ளை, அடுப்படி, கோயில் என்ற மூன்று சொற்களைச் சேர்த்து, பெண்ணின் இடம் இவ்வளவுதான் என்று சொன்ன நாடு இது. மேற்கு ஜேர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டமே இருந்தது. அதை எதிர்த்து வென்ற பெண்களின் பேத்திமார், இல்லறத்தைச் சமயப் பணி என்று ஒருத்தி எழுதினால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. வீட்டுவேலையைப் புனிதம் என்று புகழ்ந்துவிட்டு, அந்தப் புனிதத்தைப் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்குகிறவர்கள் சமயத்தைச் சாட்டாகப் பயன்படுத்துகிறார்கள். நல்ல மனைவியின் இலக்கணம் என்று மேற்கோள் காட்டப்படும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் வருகிற பெண், வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் வைக்கிறாள், துணி நெய்து வணிகரிடம் விற்கிறாள். அவளை வீட்டுக்குள் அடைக்க அந்த அதிகாரம் உதவாது. பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று அவிலாவின் தெரேசாள் தன் சகோதரிகளுக்கு எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துக் குசினியில் சமையல்காரராக இருந்த சகோதரர் லோரன்ஸ் அதையே வாழ்ந்தும் காட்டினார். அவர் ஓர் ஆண் என்பதை நினைவில் வைப்போம். வீட்டுவேலை புனிதமானது என்றால் அந்தப் புனிதம் ஆணுக்கும் கிடைக்க வேண்டும். முழுநேரமும் வீட்டில் இருக்கத் தெரிந்தெடுத்த தாயை நான் மதிக்கிறேன். வேலைக்குப் போகிற தாய் அவளைவிடக் குறைந்த விசுவாசி என்ற பேச்சை மறுக்கிறேன்.

எங்கள் ஆண்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உணவகங்களில் நள்ளிரவு வரை, தொழிற்சாலைகளில் முறைமாற்றி என்று உழைத்தவர்கள் அவர்கள். ஊரிலிருந்த குடும்பத்துக்கும் பணம் அனுப்பினார்கள். கேவலார் யாத்திரையிலும் பங்குத் திருநாளிலும் மேடை, ஒலி, உணவு, சுருவம் தூக்குவது எல்லாம் அவர்கள் கையில்தான் நடக்கிறது. அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பு பிள்ளையின் கண்ணுக்கு ஆண்டில் இரண்டு மூன்று நாள்தான் தெரிகிறது. இரவுவேலைக்காரர் காலையில் பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும்போது நெற்றியில் சிலுவை இடலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். வேலை இல்லாத நாளில் செபமாலையைத் தொடக்குகிறவர் தகப்பனாக இருக்கலாம், தாய் அன்று பதில் சொல்லட்டும்.

பிள்ளைக்கு நாங்கள் சமயத்தைத் திணிக்கக் கூடாது, வளர்ந்தபின் அதுவே தெரிந்தெடுக்கட்டும் என்பது இங்கே ஜேர்மன் அயலவர் வாயிலும் எங்கள் இளம் பெற்றோர் வாயிலும் கேட்கும் பேச்சு. இந்த நாட்டுச் சட்டம் அதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு 12 வயதான பிறகு அதன் விருப்பத்துக்கு மாறாக வேறு சமயத்தில் வளர்க்க முடியாது. 14 வயதில் தன் சமயத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அந்த உரிமையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒன்றையும் கண்டிராத பிள்ளை எதைத் தெரிந்தெடுக்கும்? விடுவதென்றாலும், இன்னதை விடுகிறேன் என்று அது அறிந்திருக்க வேண்டும். செபத்தைத் தமிழில் சொல்வதா ஜேர்மனில் சொல்வதா என்ற வாக்குவாதத்துக்கும் இங்கேயே முடிவு கிடைக்கிறது. பொருள் விளங்காத தமிழ் வார்த்தைகளைப் பிள்ளை வாயில் ஒப்புவிக்க வைப்பதைவிட, விளங்குகிற ஜேர்மனில் தகப்பனும் தாயும் அதனோடு சேர்ந்து செபிப்பது மேல். தமிழையும் விடாமல் கற்பித்தால் இரண்டும் சேரும். மொழியைக் காப்பாற்றும் பாரத்தையும் செபத்தின்மேல் ஏற்றினால் இரண்டுமே விழுந்துவிடும்.

முதல்நன்மை இங்கே பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில், உயிர்ப்புத் திருநாளுக்குப் பின்வரும் ஞாயிறுகளில் நடக்கிறது. அதற்கான ஆயத்தம் மாதக்கணக்காக நீளும், பெற்றோர் கூட்டங்களும் இருக்கும். அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தாய்மார். பங்குக் குருமாரிடம் ஒன்று கேட்கிறேன்: அழைப்புக் கடிதத்தில் தகப்பனின் பெயரையும் எழுதுங்கள், முறைவேலை செய்கிறவர் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். தகப்பன்மாரே, அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். அன்று வீட்டில் சமைத்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அன்றைய இரவுச் செபத்தை நீங்களே தொடக்குங்கள்.