லெகோவும் லாச்சியும்

கொழும்பில் லெகோ சேர்ப்பவர் தூசிக்கு முன்னால் வெயிலுக்குப் பயப்பட வேண்டும். வெள்ளவத்தையில் கடல் மேற்குப் பக்கம். மரைன் டிரைவை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் கடல் தெரியும் வீட்டுக்கு வாடகை அதிகம்; அந்த யன்னலால் பின்னேர வெயிலும் உள்ளே வரும். எங்கள் முன்னறையில் கண்ணாடி அலுமாரி வைக்க ஒரு சுவர்தான் இருந்தது, அதுவும் வெயில் விழும் சுவர். அங்கே நின்ற வெள்ளைக் கட்டைகள் கொஞ்சக் காலத்திலேயே பழைய கடதாசி நிறத்துக்கு வந்துவிட்டன.

லெகோ கட்டைகளை 1963 முதல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். அதற்கு முன் பாவித்த செல்லுலோஸ் அசிற்றேற்று நாட்பட வளையும், ஏபிஎஸ் வளையாது. ஆனால் அதில் கலந்திருக்கும் இறப்பர்ப் பகுதி புறஊதாக் கதிர் பட்டால் ஒக்சியேற்றம் அடையும், மஞ்சள் பூக்கும். தடித்த திரைச்சீலை ஒன்று போட்ட பிறகுதான் அது மட்டுப்பட்டது. கடற்காற்று கட்டையை ஒன்றும் செய்யாது. ரயில் பெட்டிச் சில்லுகளின் உருக்கு அச்சையும் மோட்டார்ப் பெட்டிக்குள் பற்றரி தொடும் தகட்டையும்தான் அது தின்னும். பற்றரியைக் கழற்றாமல் வைக்கவே கூடாது. செயல்முறைப் புத்தகங்களை இறப்பர் வளையம் போட்டுக் கட்டினால் இந்தச் சூட்டில் வளையம் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். புத்தகம் போனாலும் பரவாயில்லை, அநேகமானவற்றை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

இவையெல்லாம் பராமரிப்பு. என் உண்மையான கவலை வேறு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: நான் இந்தக் கட்டைகளை அம்மாவுக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டுதான் சேர்த்தேன்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அம்மாவின் கையில் மிஞ்சியது பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் இருந்த ஒரு துணிப்பை. அதற்குப் பிறகு எந்த வீட்டில் இருந்தாலும் அந்தப் பை கதவுக்குக் கிட்டத்தான் தொங்கும். "தூக்கிக்கொண்டு போக ஏலாததைச் சேர்க்காதை, தம்பி" என்பார். ரொறன்ரோவில் இருந்து அக்கா, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பயணப்பெட்டி நிறைய லெகோ கொண்டுவந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. இலண்டனில் இருந்து சித்தி அனுப்பியது எண்பதுகளின் கட்டைகள். இரண்டும் ஒன்றோடொன்று 'கிளிக்' என்று பொருந்தின. 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் குமிழும் குழாயும்தான் இன்றைக்கும் அளவு மாறாமல் வருகிறது. மூன்று நாட்டில் சிதறிய குடும்பத்தின் சாமான் ஒரே மேசையில் பொருந்தியது எனக்குப் பெரிய விஷயமாகவே பட்டது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. புதிதாக வாங்கும் எண்ணமே விட்டுப்போயிற்று. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காத்தாடி இல்லை, தொலைக்காட்சி இல்லை. சார்ஜ் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு மகளும் நானும் கட்டை பிரித்தோம். அதுவரை நிறம் நிறமாகத்தான் பிரித்து வைத்திருந்தோம். அந்த மங்கல் வெளிச்சத்தில் கறுப்பும் கடுநீலமும் ஒன்றுதான். ஆனால் விரலுக்கு எட்டுக் குமிழ் தெரியும், நாலு குமிழ் தெரியும், சரிவு தெரியும், பிணைச்சல் தெரியும். வடிவத்தால் பிரிக்கத் தொடங்கினோம். மின்சாரம் வந்த பிறகும் அதை மாற்றவில்லை. ஏனென்றால் எட்டு நிறம் கலந்து கிடக்கும் லாச்சியில் சிவப்பைக் கண் உடனே பிடிக்கும். சிவப்பு மட்டுமே நிறைந்த லாச்சியில் சின்ன ஒற்றைக் குமிழ்த் தட்டைத் தேடினால் கண் நொந்துபோகும். இதை விளங்கிக்கொண்ட வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

லாச்சி எங்கே வாங்குவது? விளையாட்டுச் சாமான் கடையில் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியமாமா என்னைப் பழைய சோனகத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பின் ஹாட்வெயார்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஆணி, நட்டு, வொஷர் போட்டு வைக்கும் சின்ன லாச்சித் தட்டுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கும். முன்பக்கம் தெளிவாகத் தெரியும்படி வாங்க வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும். ஆழமான பெட்டியின் அடியில் கிடக்கும் கட்டை இல்லாத கட்டைதான். கைப்பிடி உள்ள தட்டாகப் பார்த்து வாங்கினேன். ஏன் என்று மாமா கேட்கவில்லை.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சூடு 40 பாகைக்கு மேல் போகாத தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மோட்டாரும் ஸ்டிக்கர் ஒட்டிய கட்டையும் சேர்க்காமல். எங்கள் ஊர் ஈரலிப்பில் கட்டையின் அடிக்குழாய்க்குள் தண்ணீர் நின்றுவிடும்; குமிழைக் கீழே போட்டுவைக்காமல், துவாயில் பரப்பி, இரவு முழுக்கக் காத்தாடிக் காற்றில் காயவிட வேண்டும். வெயிலில் வேண்டாம்.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறேன் என்றதும் நாங்கள் இன்னொரு ஒழுங்கைக்கு மாற வேண்டி வந்தது. கட்டி முடித்தவற்றை அப்படியே முச்சக்கர வண்டியில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரித்து லாச்சிகளில் போட்டோம். தட்டுகளின் கைப்பிடியைப் பிடித்து முதலில் தூக்கியவர் அம்மா. "இது கொண்டு போகலாம்" என்றார், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதிலிருந்து கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று அங்கே ஏற வேண்டுமென்றால் நிற்பது பிரிய வேண்டும். கட்டியதைப் பிரித்தால் உழைப்பு வீண் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறை, எல்லாம் ஒரே நிறமாக இருந்தாலும், 915,103,765 விதமாகப் பொருத்தலாம். இவ்வளவையும் அடக்கிவைத்திருக்கும் ஆறு கட்டையைப் பசை போட்டு ஒரே உருவத்தில் நிறுத்துவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

இப்போது அந்தத் தட்டில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் நிற்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில். கடுஞ்சாம்பல் கட்டை அதற்கென்றே வார்த்ததுபோல இருந்தது. மகள் அடுத்து அதே கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைக் கட்டப் போகிறாளாம். வளைவுக் கட்டைகள் போதவில்லை, சிவன் கோயில் மண்டபத்தில் இருப்பதைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். கழற்று என்றேன். அம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் பூக்காத வெள்ளைக் கட்டைகளைத் தெரிந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.