காலிக் கப்பல்

நான் எடுத்த போட்டோக்களில் நாலு பேர் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான். அதில் ஒரு கப்பல் இருக்கிறது. அந்தப் பாராட்டை வாங்குவதற்காக நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

1994. காசிமேட்டுக்குப் பக்கத்தில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் பாறைகள் மேல் நானும் நைனாவும் உட்கார்ந்திருந்தோம். என் கையில் இரவல் கேமரா, யாஷிகா எம்.எஃப்.2. ஃபோகஸ் திருகுகிற வேலையெல்லாம் அதில் கிடையாது. பார்த்து அமுக்க வேண்டியதுதான். 36 படம் உள்ள ரோலில் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தது போக மிச்சம் நாலு. ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அமுக்கினேன்.

நைனா 27 வருஷம் துறைமுகத்தில் உழைத்தவர். கோதுமை மூட்டை, உர மூட்டை, பிறகு கரி. வேலை முடிந்து சேரிக்குள் நுழையும்போது கண்ணும் பல்லும்தான் வெள்ளையாகத் தெரியும். எங்கள் சோற்றிலும் கரித்தூள் கிடக்கும். 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தபிறகு மூட்டை குறைந்தது, கூலி குறைந்தது. தோளில் விழுந்த காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்குவது ஏற்றுவது நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நகரத்தில் போட்டோ ஆர்வலர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். படங்களை மேஜைமேல் பரப்பிக் குறைநிறை பேசுவார்கள். என்னையும் ஒரு நண்பர் அழைத்துப்போனார். கப்பல் படத்தை எடுத்து வைத்தேன்.

"தொடுவானம் சாய்ஞ்சிருக்கே தம்பி. கடல் வழிஞ்சு கொட்டிடும் போலிருக்கு." சிரித்தார்கள். உண்மைதான், சாய்ந்திருந்தது. "கப்பலை நட்டநடுவுல வைக்காதீங்க. மூணுல ஒரு பங்கு தள்ளி வைங்க." அதையும் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடங்களுக்கு இன்றும் நன்றி உண்டு. மூன்றாவதாக ஒருவர் படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன கறுப்பா? கண்ணை உறுத்துது. வெட்டி எடுத்துடுங்க. கப்பல் மட்டும் தனியா நிக்கட்டும்."

அது என் நைனாவின் தோளும் பாதித் தலையும்.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பா என்ன பண்றார்? எந்த ஏரியா? இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பதை இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சரி சார், வெட்டிடறேன்" என்றேன்.

வெட்டினேன். ஸ்டுடியோவில் சொல்லித் தொடுவானத்தை நேராக்கி, ஓரத்தை நீக்கி, பெரிசாகப் பிரிண்ட் போட்டேன். அடுத்த மாதம் எல்லாரும் பாராட்டினார்கள். சுவரில் மாட்டினார்கள்.

இன்னொரு பிரிண்டை நைனாவிடம் காட்டினேன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"காலிக் கப்பல்டா இது."

"எப்படி நைனா சொல்றே?"

"அடில செவப்பு பெயிண்டு எம்மாம் ஒசரம் தெரியுது பாரு. சரக்கு இருந்தா அது தண்ணிக்குள்ள முங்கிப்பூடும். இது ஏத்திக்கினு போறதுக்கு வந்து நிக்குது. ஏத்த ஆளு வோணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கி நானும் பக்கத்துல தானே குந்திக்கினு இருந்தேன். நா வுழலியா இதுல?"

"இல்ல நைனா" என்றேன்.

கூட்டத்தில் பேசாமல் இருந்து ஒரு பொய். வீட்டில் வாய்திறந்து ஒரு பொய். அங்கே அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். கப்பல் காலி என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனது. நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. சாதிக் கட்டத்தில் திரும்பத் திரும்பப் பறையன் என்று வருகிறது. வெள்ளைக்காரன் கணக்குக்காக எழுதினான், மரியாதைக்காக அல்ல. ஆனாலும் தழும்புவரை எழுதி வைத்தான். நான் என் தகப்பனின் தோளையே இல்லை என்று சொன்னவன்.

2003இல் நைனா செத்துப்போனார். மாலை போட ஒரு படம் தேடினோம். ரேஷன் கார்டில் இருந்ததைத் தவிர வேறில்லை. கப்பல் நெகடிவைத் தேடி எடுத்தேன். அதிலும் அவர் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும் என்று முழுசாகப் பிரிண்ட் போடச் சொன்னேன். "தொடுவானத்தை நேராக்கிடட்டுமா?" என்றார் ஸ்டுடியோக்காரர். நேராக்கப் படத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஓரம் போகும். ஓரம் போனால் நைனா போவார்.

"வேணாம், சாய்ஞ்சே இருக்கட்டும்" என்றேன்.

மையம், விளிம்பு என்று நாம் நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். வெட்டச் சொன்னது அவர்கள்தான். வெட்டியது நான். அதையும் நாம் பேச வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிற தோழர்கள் சிலர் "கொஞ்சம் சாய்ஞ்சிருக்கே" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். சிலர்தான் "ஓரத்துல யாரு?" என்று கேட்கிறார்கள்.

எங்க நைனா. ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு.